மாதச் சம்பளத்தை விட்டால்தான் விடுதலையா?

22 ஜூன் 2024. கேள்வி

"எனக்கு 38 வயது. பாளையங்கோட்டையில் தனியார் கம்பெனியில் வேலை. கைக்கு 42,000 வருகிறது. நேற்று நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம். ஊருக்கே லீவு, எங்களுக்கு மட்டும் இல்லை. பிள்ளைகள் தாத்தாவோடு போய் வடம் பிடித்தார்கள். நான் ஆபீஸில் உட்கார்ந்து போட்டோ பார்த்தேன். ஒரு நாள் லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதச் சம்பளம் நின்றால் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்ற பயம்தான் காரணம். கல்லிடைக்குறிச்சியில் அப்பாவுக்கு 1 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா? மாதச் சம்பளம்தான் மனுஷனை அடிமையாக்குகிறது என்று நினைக்கிறேன். தப்பா?"

22 ஜூன், இரவு

தம்பி, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி இடிக்கிறது. லீவு கேட்க வாய் வராததற்குச் சம்பளத்தைக் காரணம் சொல்கிறீர்கள். சம்பளம் வருகிறவன் ஏன் பயப்பட வேண்டும்? வந்த சம்பளம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால்தான் பயம். 1ஆம் தேதி வரும் 42,000 எந்தத் தேதியில் எங்கெங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக் கடன், பர்சனல் லோன், பைக், சீட்டு, நகை வட்டி, பள்ளிக்கூடம், மொய் எல்லாம். எழுதிவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

24 ஜூன்

தாளுக்குக் காத்திருக்கிற நேரத்தில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முக்கூடல்காரி. அம்மா பீடி சுற்றினார்கள். எங்கள் தெருவில் சுற்றாத வீடு குறைவு.

விடியும் முன்னே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார்கள். பதமானதும் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டு. மடியில் சுளவு என்கிற முறம், சுளவில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள், ஓரத்தில் நூல்கண்டு. இலையில் தூளை வைத்து உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுக்க வேண்டும். இவ்வளவும் கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் நடக்கும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி. காய்ச்சல் வந்தால் கூலி இல்லை. வீட்டில் துஷ்டி, அதாவது சாவு, விழுந்தால் கூலி இல்லை.

நான் பி.காம் முடித்து முதல் மாதச் சம்பளத்தைக் கவரில் கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, நீ காய்ச்சலாக் கெடந்தாலும் இந்தத் துட்டு வருமா?" வரும் என்றேன். அதை நம்ப அவர்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

அதனால் மாதச் சம்பளத்தை ஒரே அடியாக அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் விடுதலையே அதுதான்.

25 ஜூன்

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: "பீடி சுற்றுகிறவர்கள் வீட்டில் இருந்தபடி செய்கிறார்கள், மேலே அதிகாரி இல்லை, நினைத்தபோது எழுந்து போகலாம். அதுவல்லவா சுதந்திரம்?"

இல்லை அண்ணாச்சி. சாயங்காலம் கம்பெனிக் கடையில் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்கும்போது தெரியும் மேலே யார் என்று. செக்கர் ஒரு கட்டை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கட்டு கழிவு. அதற்குப் பதில் கிடையாது, வழக்கும் கிடையாது. இலையை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். இலை ஓட்டையாக இருந்து ஆயிரம் தேறாவிட்டால், தேறாததுக்கு வெளியே கைக்காசில் இலை வாங்கிச் சுற்ற வேண்டும். வேலை வீட்டில் நடந்தது என்பதற்காக நேரம் அம்மாவுடையதாக இருந்ததில்லை.

இதையும் சொல்ல வேண்டும். பாஸ் புத்தகம் இருந்த பீடித் தொழிலாளிக்கு பி.எஃப் உண்டு. நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டமும் 1976இல் வந்த நல நிதிச் சட்டமும் இல்லாவிட்டால் நான் காலேஜ் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

29 ஜூன்

"அப்படியானால் நீங்கள் ஏன் சம்பள வேலையை விட்டீர்கள் அக்கா?" நல்ல கேள்வி.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். பெயர் வேண்டாம். பேங்கில் சிசி லிமிட், அதாவது சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடன் வரம்பு, வைத்திருக்கிற கம்பெனி மாதாமாதம் குடோன் சரக்கு எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் குடோனில் இல்லாத சரக்கை இருப்பதாக எழுதச் சொன்னார்கள். "மேடம், எல்லா இடத்திலும் நடக்கிறதுதான், ஒரு கையெழுத்து." நான் முடியாது என்றேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "சார், இல்லாத சரக்கை என்னால எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஸ்டேட்மென்ட் அடுத்த மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் என்னைவிட மூத்தவர், நேர்மையில் எனக்கு ஒரு படி மேலே. அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் வந்து, "உங்களுக்கு என்னம்மா, கடன் இல்ல" என்றார். மகள் கல்யாணத்துக்குக் கம்பெனியிலேயே முன்பணம் வாங்கியிருந்தார். அது மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தமாகிக்கொண்டிருந்தது.

எனக்கும் அவருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே முதலாளி, ஒரே ஆபீஸ். ஒருவரால் முடியாது என்று சொல்ல முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. அதைத்தான் தம்பிக்குச் சொல்ல வருகிறேன். கட்டு சம்பளத்தில் இல்லை, சம்பளத்தை நம்பி வாங்கிய முன்பணத்தில் இருக்கிறது.

கொஞ்ச நாளில் நான் அங்கிருந்து விலகினேன். இப்போது அம்பாசமுத்திரம் ரோட்டில் சின்ன ஆபீஸ், கடைக்காரர்களுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிறேன்.

30 ஜூன்

தம்பியின் தாள் வந்தது. அவர் அனுமதியோடு சுருக்கமாக: வீட்டுக் கடன் 16,500. பர்சனல் லோன் 7,200. நகை அடகு வட்டி. இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். சீட்டு 3,000. 9ஆம் தேதி கையில் 4,000 நிற்கிறது. பர்சனல் லோன் எதற்கு என்று கேட்டேன். தங்கச்சி வளைகாப்புச் சீரும் ஒரு டிவியும்.

தம்பி, கோபப்படாதீர்கள். நீங்கள் வேலையை விட்டால் அந்த 42,000 மட்டும்தான் நிற்கும். இந்தத் தாளில் இருக்கிற ஒன்றும் நிற்காது.

3 ஜூலை

இரண்டு நாளாக மனதில் மேலே மலையில் இருக்கிற மாஞ்சோலைதான். எல்லோருக்கும் தெரிந்த கதை: சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் ஒரு கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு, தேயிலைத் தோட்டமானது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்கள். வேலை போனதும் குடியிருக்கிற லைன் வீடும் சேர்ந்து போகிறது. கீழே ஒரு சென்ட் நிலம் இல்லை.

கூலி உயர்வு கேட்டு அந்தத் தொழிலாளர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் இறங்கி 17 பேர் செத்தார்கள். குழந்தையும் அதில் உண்டு. இந்த ஊரில் இருந்துகொண்டு சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஆற்றங்கரையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

சம்பளமும் கூரையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். தம்பி, உங்கள் வீட்டுக் கடன் கசப்பாக இருக்கலாம், ஆனால் அந்த வீடு உங்கள் கம்பெனியுடையது அல்ல. அதை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

7 ஜூலை

சொந்தத் தொழில் என்றாலே தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். போன டிசம்பரைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி பொங்கி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, கலெக்டர் ஆபீஸே தண்ணீரில் நின்றது. ஜங்ஷன் பக்கம் எனக்கு ஒரு பாத்திரக்கடை கணக்கு. தண்ணீர் வடிந்தபிறகு போனேன். ஷட்டரில் இடுப்புக்கு மேல் சேற்றுக் கோடு. எவர்சில்வர் குடங்கள் எல்லாம் கழுவினால் ஆகிவிடும். பில் புத்தகங்கள் ஊறிப் புடைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகக் கிடந்தன. அண்ணாச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் என் மாத ஃபீஸை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

நம் பக்கத்து மாவட்டங்களுக்கு நவம்பர் மாத 3பி என்கிற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய 2024 ஜனவரி 10 வரை நேரம் நீட்டித்தார்கள். உதவியாக இருந்தது. ஆனால் வருமானத்துக்கு யாரும் நீட்டிப்புத் தர முடியாதே. அந்த மாதம் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வந்த ஒரே பணம் அம்மாவின் பீடி பென்ஷன் 1,000 ரூபாய். முன்னமே போட்டுவைத்திருந்த பிக்சட் டெபாசிட்டை உடைத்துத்தான் குடும்பம் நடந்தது.

மாதம் தவறாமல் வருகிற சின்னப் பணத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

9 ஜூலை

"முதலாளி இல்லாத வாழ்க்கை" என்று ஒருவர். எனக்கு 11ஆம் தேதி ஒரு முதலாளி, 20ஆம் தேதி இன்னொரு முதலாளி. 11க்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் வரி கட்டும் 3பி. 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், கணக்கே இல்லாத மாதமானால் 20. அபராதம் கடைக்காரருக்கு, ஏச்சு எனக்கு. அந்த நாட்களில் எங்கள் தெருக் கோவிலில் கொடை நடந்தாலும் நான் லேப்டாப் முன்னால்தான்.

ஆனாலும் 21ஆம் தேதி காலையில் யாரிடமும் கேட்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு பாபநாசம் போக முடிகிறது. அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களைத் தாங்கலாம் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

14 ஜூலை

வேலையை விடுவது என்று முடிவு செய்கிறவர்கள் கையில் வர வேண்டியதைத் தெரிந்துகொண்டு விடுங்கள். நிறைய பேர் ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் அது உங்கள் உரிமை, முதலாளியின் தயவு அல்ல. 2024இல் இருந்த விதிப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். தம்பிக்கு அது 20,000, சர்வீஸ் 12 வருடம். 1,38,000க்குச் சற்று மேலே வருகிறது. அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பி.எஃப். வேலையை விட்டதும் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. வட்டி சேரும், 2023-24க்கு 8.25 சதவீதம். விட்ட பிறகு சேருகிற வட்டிக்கு வரி உண்டு. புதுக் கடை வைக்க அதை உருவாதீர்கள் என்பது என் கருத்து.

பென்ஷன் தனி. உங்கள் கம்பெனி போடுகிற 12 சதவீதத்தில் 8.33 அங்கே போகிறது, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு. ஆகவே மாதம் அதிகபட்சம் 1,250.

ஆஸ்பத்திரி. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கம்பெனி எடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்குத்தான். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். நடுவில் நிற்கிறவர்களுக்கு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து, அதன் காத்திருப்புக் காலம் ஓட ஆரம்பித்த பிறகு வேலையை விடுங்கள்.

15 ஜூலை

பென்ஷன் பற்றி ஒருவர் "ஃபார்ம் 10சி போட்டு மொத்தமாக எடுத்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். 10 வருடத்துக்குக் குறைவான சர்வீஸுக்குத்தான் அது. 10 தாண்டிவிட்டால் எடுக்க முடியாது, சான்றிதழாக வாங்கி வைத்து 58இல் பென்ஷன் பெறலாம். 15,000 உச்சவரம்பில் 10 வருடம் என்றால் மாதம் 2,143 வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் அம்மாவின் ஆயிரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதனால் எந்தத் தொகையையும் நான் அற்பம் என்று சொல்வதில்லை.

11 ஆகஸ்ட்

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, போகட்டும். "கூலிக்காரன் எப்போதும் கைகட்டி நிற்பவன்தான்" என்று ஒரு தம்பி எழுதியது பொறுக்கவில்லை.

1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊரார் கைகொடுத்தார்கள். வென்றார்கள். அந்த மார்ச் மாதமே தலைவர்களைப் பிடித்துப் போட்டதும் திருநெல்வேலி பற்றி எரிந்தது. எல்லாம் நம் மண்ணில் நடந்ததுதான்.

நீங்கள் அனுபவிக்கிற ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கூலிக்காரர்கள் வேலையை விடாமல், வேலையில் இருந்துகொண்டே கேட்டு வாங்கியது. விலகிப் போவது ஒரு வழி. உள்ளே நின்று நாலு பேரோடு சேர்ந்து கேட்பது இன்னொரு வழி. சம்பளக்காரர்கள் இரண்டாவதை மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

4 செப்டம்பர்

தம்பி நிலத்தை விடுவதாக இல்லை. சரி, கணக்குப் போடுவோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், அம்பை 16 நெல். 2024 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த அரசு கொள்முதல் விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,405, சன்னத்துக்கு 2,450. அம்பை 16 குண்டு நெல், அதனால் 2,405. நன்றாக விளைந்து ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 60,125. உழவு, நடவு, களை, உரம், அறுப்பு மெஷின் என்று எங்கள் பக்கம் பாதி போய்விடும். மிச்சம் 30,000. கார், பிசானம் என்கிற இரண்டு போகமும் விளைந்தால் வருடத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாத வருடம் கார் கிடையாது. வீட்டுக் கடன் மட்டும் 16,500.

5 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி யோசித்தேன். கணக்கு சரிதான். ஆனால் நிலத்தைக் கணக்காக மட்டும் பார்ப்பது எனக்கே ஒப்பவில்லை. நிலம் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். சொந்த வயலில் விளைந்த அரிசி வீட்டில் இருக்கிறது என்றால் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் உலை கொதிக்கும். அந்தத் தைரியத்துக்குக் குவிண்டால் விலை போட முடியாது.

ஆகவே தம்பி, நிலத்தை விற்காதீர்கள், நிலத்துக்கு ஓடியும் போகாதீர்கள். அப்பா இருக்கும்போதே சனி, ஞாயிறு போய் மடை திருப்பப் படியுங்கள். வருடச் சாப்பாட்டு அரிசியை அங்கிருந்து எடுங்கள். கடையில் அரிசிக்குப் போகிற காசை பர்சனல் லோனில் போடுங்கள். கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் உண்டா என்று முதலில் பேங்கில் கேளுங்கள். அடுத்து நகை. வீட்டுக் கடன் கடைசி. அதுவும் மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை.

பர்சனல் லோனும் நகையும் முடிந்து, ஆறு மாதச் செலவு கையில் சேர்ந்த அன்றைக்கு வேலையை விடுவதைப் பற்றிப் பேசுங்கள். அன்றைக்கும் விட வேண்டும் என்று தோன்றினால் நானே ராஜினாமா கடிதம் எழுதித் தருகிறேன்.

19 அக்டோபர்

தம்பியிடமிருந்து செய்தி. சீட்டை எடுத்து பர்சனல் லோனை முடித்துவிட்டார். போன வாரம் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னபோது "வயலில் நடவு இருக்கு சார், வர முடியாது" என்று சொன்னாராம். மேனேஜர் "சரி" என்றாராம். இவ்வளவுதானா என்று கேட்கிறார். எல்லா மேனேஜரும் சரி என்று சொல்ல மாட்டார்கள் தம்பி. உங்களுக்குச் சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

26 அக்டோபர்

சுரண்டையிலிருந்து ஒரு தங்கச்சி தனியாக எழுதியிருக்கிறாள். ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. தீபாவளி நேரம், காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறாள். 9,000 சம்பளம், அப்பா மாதாமாதம் கடையில் வந்து வாங்கிக்கொள்கிறார். "இங்கே எல்லாரும் சம்பளம் வேண்டாம் என்கிறீர்கள், எனக்கு அதுதான் வேணும் அக்கா, என் கையில் வேணும்" என்கிறாள்.

நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

தங்கச்சி, உனக்கு இரண்டு விஷயம். கடையில் உட்கார நாற்காலி கேட்பது உன் உரிமை. அதற்கென்றே 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். தனியாகக் கேட்காதே, கூட நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அடுத்து, திங்கட்கிழமை ஆதார் கார்டோடு பேங்குக்குப் போ. மினிமம் பேலன்ஸ் வேண்டாத கணக்கு உண்டு, அதைக் கேட்டுத் திற. சம்பளத்தை அதில் போடச் சொல்லிக் கடையில் எழுதிக் கொடு. கார்டும் பின் நம்பரும் உன்னிடம் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு அப்பாவிடம் எவ்வளவு கொடுப்பது என்று யோசித்து, நீயே எண்ணிக் கொடு. பேங்கில் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினால் எனக்கு எழுது, நான் பஸ் ஏறி வருகிறேன்.